பதினெட்டு என்று எழுதினேன்

காலை ஆறே முக்காலுக்கு நாங்கள் மூன்றாம் மாடி வார்டுக்குள் நுழைந்தபோது காலை உணவின் பிஸ்கட்டும் கிரேவிக் குழம்பும் மணத்தன. கீழே கென்டக்கி மலைச் சாலையில் நிலக்கரி லாரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பதினோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு, முப்பத்தெட்டு வயதில் இரண்டு வருட நர்சிங் படிப்பில் சேர்ந்தவள் நான். அது என் இரண்டாவது பருவம்.

"நாடி பார்த்து முடிச்சதும் கையை விட்டுடாதீங்க," என்றார் எங்கள் ஆசிரியை மிஸஸ் ஸ்டிடம். "நாடி பார்க்கிற மாதிரியே பிடிச்சுக்கிட்டு, நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுங்க. எண்ணுறது தெரிஞ்சா நோயாளியோட மூச்சு மாறிடும். ஒரு நிமிஷம். முழுசா."

அவர் தள்ளிப் போனதும் கூடப் படிக்கும் கிறிஸ்டா என் காதருகே வந்தாள். "எல்லாருக்கும் பதினெட்டுதான்டி. யாரு நின்னு எண்ணிக்கிட்டிருக்கா? உன் பஸ்ல ஏறுன பிள்ளைங்களைக்கூட நீ எண்ணியிருக்க மாட்டே."

சிரித்தேன்.

எனக்குக் கிடைத்த நோயாளி வெர்ஜில் பேக்கட். சுரங்கத் தூசியில் நுரையீரல் கறுத்தவர். இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி ஓமா நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நாடியை எண்ணி முடித்தேன். நாடியும் மூச்சும் குறிக்கும் தாளை வாங்க மிஸஸ் ஸ்டிடம் வாசலில் வந்து நின்றார்.

பதினெட்டு என்று எழுதினேன்.

சற்று நேரத்தில் வெர்ஜில் முனகினார். வலிக்கு ஊசி போடச் சொல்லி ஓமா வார்டு நர்சிடம் கெஞ்சினார். மூச்சை மந்தமாக்கும் மருந்து அது. ஏற்கெனவே மந்தமாக இருந்தால் போடக்கூடாது. நர்ஸ் என் தாளைப் பார்த்தாள். போட்டாள்.

காலை உணவுத் தட்டுகளை எடுக்க ஆள் வந்தபோது வெர்ஜில் இறந்திருந்தார்.

தாழ்வாரத்தில் ஓமா என் முழங்கையைப் பிடித்தார். "நான்தானே கண்ணு ஊசி கேட்டேன்? அதனாலயா?"

உண்மையைச் சொன்னால் என் படிப்பு அங்கேயே முடிந்துவிடும்.

"மூச்சு நல்லாத்தான் இருந்துச்சும்மா," என்றேன்.

பழியை அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

படிப்பை முடித்தேன். உரிமத் தேர்வில் தேறினேன். பதிவு பெற்ற செவிலியர் என்று அட்டை வந்தது. வேலையும் அதே மாடியில். ஒவ்வொருவர் மூச்சையும் முழு நிமிடம் எண்ணினேன். "டோன்யா கையைப் பிடிச்சா கல்யாணம் பண்ணாம விடமாட்டா," என்று கிறிஸ்டா கேலி செய்வாள்.

மூன்றாவது மாதம் ஓமா நிமோனியாவோடு வந்து படுத்தார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சைப் பார்த்தேன். சின்னச் சின்ன மூச்சு, வேகமாக. அதற்கு நடுவே இன்னொன்று கேட்டது. கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து. சரளையை இழுப்பது போல நீளமாக ஒரு மூச்சு. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

மறுபடி ஒன்று.

அறையில் வேறு யாரும் இல்லை.

"உனக்கும் கேக்குதா?" ஓமா கிசுகிசுத்தார். "அன்னிலேருந்து கட்டில் பக்கத்துலயேதான். ஏன் ஊசி கேட்டேன்னு கேக்க வர்றாரு."

"உங்ககிட்ட இல்லம்மா," என்றேன். "நான் எண்ணவே இல்ல. சும்மா எழுதினேன். அதைப் பார்த்துத்தான் ஊசி போட்டாங்க."

அவர் கையை உருவிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பினார். மூன்று லாரிகள் போயின.

"ஒரு நிமிஷம்தானே," என்றார்.



அன்று மதியமே நடந்ததை ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வரவேண்டாம், உரிமமும் போகலாம் என்றார்கள்.

மறுநாள் என் சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில்.

இடது தோளுக்குப் பின்னால் சரளை இழுபட்டது.

திரும்பவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முழு நிமிடம்.

ஆறு.

அந்தக் காலையில் நான் எழுதியிருக்க வேண்டிய எண்.

இரண்டு வாரம் கழித்து ஓமா என் வீட்டுக் கதவைத் தட்டினார். இளைத்திருந்தார். அறையப்போகிறார் என்று நினைத்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ள நின்றேன்.

"வீட்ல சத்தமே இல்ல," என்றார். "ஆஸ்பத்திரியிலேருந்து போனதுலேருந்து இல்ல. தூக்கமே வரல." என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தார். "இங்கயா இருக்காரு?"

ஆமென்று தலையசைத்து இடது தோளைக் காட்டினேன்.

அவர் உள்ளே வந்து என்னை உட்காரவைத்தார். என் இடது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். என்மீது படாமல், தோளருகே காதைச் சாய்த்துக் கண்களை மூடினார். பிறகு அவர் புருவம் சுருங்கியது.

"மெல்ல மூச்சு விடும்மா. உன் சத்தத்துல அவரு சத்தம் கேக்கல."