கண்ட குறையைச் சொல்லாதவன்

"அண்ணாச்சி, நீங்க சொல்லுத காசுக்கு ஆட்டோவையே வாங்கிரலாம்!"

தூத்துக்குடி பழைய பேருந்து நிலைய வாசல். கொட்டுகிற மழை. அனுசியா பேரம் பேசி விலையை அழகாக இறக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு முறை முகத்தைத் திருப்பினால் போதும்... ஆள் மடங்கிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து, தொப்பலாக நனைந்த ஒருவன் குறுக்கே வந்தான்.

"ஹார்பர் ரோடுதான? நீங்க கேட்டதையே தாரேன் அண்ணாச்சி. வாங்க, போவோம்."

சாத்தான்குளத்துப் பாத்திரக்கடை சிவனணைந்தபெருமாளின் மகள் முன்னால், முதல் விலைக்கே தலையாட்டுகிற ஒரு மனிதன்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இன்டர்வியூவுக்கு நேரமாகிறது... அதே ஆட்டோவில்தான் ஏற வேண்டியிருந்தது.

"காரியத்தைக் கெடுத்திட்டியளே! எந்த ஊரு நீங்க?"

"ஏரல் பக்கம். வயக்காட்டு ஆளுங்க. பேரு பாண்டியராஜ்." சிரித்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது. பாழாய்ப்போன கண்ணு... என்று நினைத்தபடி அவள் வெளியே பார்த்தாள்.

அவனும் அதே கம்பெனிக்குத்தான், அதே வேலைக்குத்தான். கப்பல் சரக்குக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற இடம். காலியாக இருந்தது ஒரே நாற்காலி.

அப்பா போனில் கத்தியது ஆட்டோ முழுக்கக் கேட்டது. "ஏளா, இன்னைக்கும் கிடைக்கலேன்னா பேசாம கடையில வந்து உக்காரு. பொங்கலுக்குள்ள மாப்பிள்ளை பாத்துருவோம். இல்ல, நம்ம ஆளு ஒருத்தர விட்டு அங்கன சொல்லச் சொல்லட்டா?"

"வேண்டாம்ப்பா. கிடைச்சா என் படிப்புக்குக் கிடைக்கட்டும்."

பாண்டியராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

எழுத்துத் தேர்விலேயே மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். கடைசிச் சுற்றுக்கு இவர்கள் இரண்டே பேர். இன்டர்வியூ எடுத்த ஜெபசுதா மேடம் இருவரையும் வெள்ளைப் பலகை முன்னால் ஒன்றாக நிறுத்தினார்.

"ஹார்பர் கேட்டுல கன்டெய்னர் லாரிங்க நிக்குது. எதை முதல்ல உள்ள விடணும்? அனுசியா சொல்லட்டும். பாண்டியராஜ், நீங்க அதுல குறை கண்டுபிடிக்கணும்."

அனுசியா மளமளவென்று படம் போட்டாள். எந்தக் கப்பல் முதலில் கிளம்புகிறதோ, அதற்குரிய லாரி முதலில்.

அவன் கண் பலகையில் ஓடியது... ஓர் இடத்தில் நின்றது. மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தான்... அப்புறம் மெல்ல மூடினான்.

"குறை ஒண்ணும் இல்ல மேடம். சரியாத்தான் இருக்கு."

அனுசியாவுக்குச் சுருக்கென்றது. வாங்க வருகிறவர்களின் கண்ணைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். குடத்தில் நெளிவைக் கண்டுபிடித்த கண் எப்படி நிற்கும் என்று தெரியாதா? கண்டும் சொல்லாமல் எடுத்துப்போகிறவன் ஒன்று ஏமாளி, இல்லையென்றால் சொந்தக்காரன். இவன் ரெண்டுமில்லையே... ஓ! ஆட்டோவில் அப்பா போனில் கத்தியதைக் கேட்டானே! எனக்குப் பிச்சை போடுகிறானா?

சும்மா நின்றால் வேலை அவளுக்கு. அது அவளுக்கும் தெரியும்.

"மேடம், இவரு பொய் சொல்லுதாரு." தலை நிமிர்ந்தே இருந்தது. "குறையைப் பாத்துட்டாரு. சொல்ல மாட்டேங்காரு. அதைச் சொன்னாத்தான் நான் இங்கன நிப்பேன்."

பாண்டியராஜ் மார்க்கர் மூடியை மறுபடி திறந்தான்.

"முந்திக் கிளம்புற கப்பலுக்கு லாரி வந்துக்கிட்டே இருந்தா... பிந்திப் போற கப்பலோட லாரி கடைசி வரைக்கும் வாசல்லயே நிக்கும் மேடம்."

சரியான அடி. அனுசியா தன் படத்தை முறைத்தாள். கடையில் கூட்டம் நெரிகிறபோது, ஒரு கரண்டி வாங்க வந்து ஓரமாக நிற்கிறவரை அப்பா என்ன செய்வார்...? ரொம்ப நேரம் நின்றுவிட்டால் அவரைத்தானே முதலில் கூப்பிடுவார்! சட்டென்று அவன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கினாள்.

"காத்துக்கெடக்கக் காத்துக்கெடக்க அந்த லாரிக்கு மதிப்பு ஏறிக்கிட்டே போகணும். ஒரு கட்டத்துல அதுதான் முதல்." எழுதி முடித்தாள்.

மேடம் சிரித்தார். "வேலை உங்களுக்கு, அனுசியா. தன் குறையைக் கேட்டு வாங்கித் திருத்துற ஆளுதான் எங்களுக்கு வேணும்." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "கண்டதை மறைக்கிற என்ஜினியரை நான் எப்படி எடுக்க, தம்பி? அடுத்த இடத்துலயாவது வாயைத் திறங்க."

வெளியே மழை தூறலாக இளைத்திருந்தது. அனுசியா விடுவிடுவென்று போய் அவன் எதிரே நின்றாள்.

"என்மேல இரக்கமாக்கும்?"

"இரக்கப்படுத மாதிரியா நின்னிய நீங்க?" அவன் குரல் தாழ்ந்தது. "நீங்க படம் போடும்போது முதல்ல உங்களைத்தான் பாத்தேன். அப்புறந்தான் குறையைப் பாத்தேன். சொல்ல வாய் வரல... தப்புதான்."

"உங்க வாயைத் திறக்க வச்சு ஜெயிச்சேன். வேற வழியில கிடைச்சிருந்தா அது எனக்கு வேண்டாம்."

"தெரியும். அதான் தோத்தும் இம்புட்டுப் பெருமையா நிக்கேன்."

அதற்கு மேல் கோபத்தைப் பிடித்துவைக்க அவளால் முடியவில்லை.

"இனிமே எங்கிட்ட எந்தக் குறையையும் மறைக்கக் கூடாது."

அவன் கண்கள் விரிந்தன. "அப்போ... இனிமேன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வெக்கப்பட்டுக் கீழ பாப்பேன்னு மட்டும் நெனைக்காதிய."

சொல்லி முடித்ததும் அவள் பார்த்தது... கீழேதான்.