கவாத்துக் குச்சி

எறும்புகளின் போக்கு சரியில்லை. சமையலறையில் சர்க்கரை டப்பா திறந்து கிடந்தும் அதைச் சீண்டாமல், திராட்சைப் பந்தலின் கல்தூணிலிருந்து இறங்கி, ஈர வாசலைக் கடந்து, நேராகப் படுக்கையறைக்குள் போய்க்கொண்டிருந்தன. தனப்பிரியா குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஏதோ ஒன்று. சோற்றுப் பருக்கை என்று நினைத்துக் கிள்ளி எடுத்தாள். அது விரல்களுக்கிடையே நசுங்கி இளஞ்சிவப்பாக நீர் விட்டது. மாவுப்பூச்சி. சீ என்று நைட்டியில் துடைத்தாள். பிசுபிசுப்பு போகவில்லை.

மல்லசமுத்திரத்துக் காய்ந்த மண்ணில் திராட்சை போட்டது அவள் கணவன் சந்தோஷ்குமாரின் பிடிவாதம். காய்ந்த மண் என்று பேர்தான். இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் பிடித்த மழை விடவேயில்லை. பந்தலுக்கடியில் நின்றால் பச்சை இருட்டும், நனைந்த சாக்கின் வாடையும், சொட்டுச் சொட்டென்று தலையில் விழும் ஈரமும்தான். இலைகளின் அடியில் வெள்ளைப் பூசணம் படர்ந்தது. பூவெல்லாம் கருகிக் கொட்டியது. “ஒரு பூக்கூட நிக்கல புள்ள” என்று அவன் பந்தலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். தப்பிய கொடிகளில் மாவுப்பூச்சி ஏறியது. அந்தச் சனியன் பட்டைக்கடியில் ஒளிந்துகொள்ளும். பட்டையை உரித்து, தண்டைத் தேய்த்து, உரித்ததையும் கவாத்து செய்து வெட்டிப் போட்ட குச்சிகளையும் சேர்த்து எரித்தால்தான் ஒழியும். எரிக்க எங்கே விட்டது மழை? எல்லாவற்றையும் படுக்கையறை ஜன்னலோரம் கூரைக்கடியில் குவித்துவைத்தார்கள்.

அந்த வாரம்தான் மருந்தடிக்க ஏணியில் ஏறியவன் வழுக்கி விழுந்தான். முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. நனையக் கூடாது, உள்ளே புண் வந்தால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று திருச்செங்கோட்டு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதலில் அரிப்பு தாங்காமல் கத்தினான். அப்புறம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, குவியலிலிருந்து ஒரு குச்சியை உருவி, கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டான். அவள் பார்த்துத் திட்டினாள். அரிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு அவன் கத்தவேயில்லை. டாக்டரிடம் போக வேண்டிய நாளிலும் வரமாட்டேன் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்போதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பட்டை உரிக்க வந்த ஆத்தாயி, மழை வலுக்கவும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“ஊட்டுக்குள்ள என்னங்க அம்மிணி, புளிச்ச நாத்தம்?”

“தெரியலீங்க்கா.”

ஆத்தாயி மூக்கைப் பொத்திக்கொண்டு, நாளைக்கு வாரேன் என்று போய்விட்டாள்.

எறும்பு மாவுப்பூச்சியைத் தின்னுவதில்லை. அதிலிருந்து கசியும் இனிப்பைக் குடிக்கும். அதனால் உயிருள்ள செடியாகத் தேடித் தூக்கிக்கொண்டு போய்க் குடிவைக்கும். தோட்டக்காரியான தனப்பிரியாவுக்கு இது தெரியாதா? தெரிந்ததால்தான் படுக்கையறை வாசலில் கால் நகரவில்லை. உள்ளே செடி ஏதும் கிடையாது.

கரண்ட் போயிருந்தது. பட்டப்பகலிலும் அறை மங்கிக் கிடந்தது. அழுகிய பழச்சாற்றின் புளிப்பும், அதற்கடியில் தேன் மாதிரி ஓர் இனிப்பும் தொண்டைவரை இறங்கின. அவன் படுத்திருந்த மெத்தை விரிப்பில் கை வைத்தாள். ஒட்டிக்கொண்டது. கட்டு முழுக்கக் கறுத்திருந்தது. அழுக்கென்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை. பூச்சியின் கசிவு சொட்டிய இலைகளில் படருமே, அதே கரும்பூசணம். எறும்புச் சாரை கட்டில் காலில் ஏறி, அவன் தொடையைக் கடந்து, கட்டின் மேல்விளிம்பில் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. போனவை வாயில் வெள்ளையோடு போயின. திரும்பியவை வயிறு பெருத்துத் திரும்பின.

“ஏனுங்க, எறும்பு கடிக்கலீங்களா?”

“இல்ல புள்ள. இதமா இருக்குது.”

“அந்தக் குச்சி எங்கீங்க?”

“அன்னைக்கே உள்ளார ஒடிஞ்சுபோச்சு. கெடக்குது உடு.”

ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, சுற்றித்தான் வரவேண்டும் என்றார்கள். அவன் கால்விரல்களைப் பார்த்தாள். நக இடுக்குகளில் பஞ்சு. பஞ்சு மெல்ல அசைந்தது.

இனி ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியாது. கால் போய்விடும். கவாத்துக் கத்தரியை எடுத்து வந்தாள்.

கல்லாக இறுகியிருக்க வேண்டிய கட்டு, டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கத்தரிக்கு வழிவிட்டது. ஒரு வெட்டு. இன்னொன்று. பிளவிலிருந்து இளஞ்சிவப்பு நீர் வழிந்து அவள் மணிக்கட்டை நனைத்தது. வெதுவெதுப்பு. விளிம்பைப் பிடித்து இரண்டாகப் பிரித்தாள்.

வெள்ளை. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை வெள்ளை. மொய்க்கும் வெள்ளை.

கையால் வழித்தாள். கொத்துக் கொத்தாக நசுங்கின. அடியில் தோலைத் தேடினாள். பழுப்பாக, நார்நாராக, நீளவாக்கில் வெடித்து நின்றது தோல். அவளுக்குப் பழகிய பட்டை. நகம் பட்டதும் உரிந்து வந்தது. அதற்கடியிலும் வெள்ளை.

“வலிக்குதுங்களா?”

“இல்ல.”

கெண்டைக்காலில் அந்தக் குச்சி. ஒடிந்த முனை வெளியே. மறுமுனை சதைக்குள். வெளிச்சம் காணாத வெளிறிய கொடி ஒன்று அதிலிருந்து கிளம்பி, காலைச் சுற்றிச் சுற்றி, பாதம்வரை போயிருந்தது. அங்கங்கே தசைக்குள் நுழைந்தது. வெளியே வந்தது. மறுபடி நுழைந்தது.

பிடித்தாள். வழுக்கியது. இறுகப் பிடித்து இழுத்தாள்.

அவன் கால்விரல்கள் ஐந்தும் மடங்கின.

விட்டாள். நிமிர்ந்தன.

மறுபடி இழுத்தாள். மடங்கின. கொடியின் நுனி பாதத்தடியிலிருந்து மேலே வந்தது. நுனியில் கடுகு கடுகாய் ஒரு கொத்து மொட்டு.

சந்தோஷ்குமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்களில் நீர் கோத்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“மெதுவாப் புள்ள,” என்றான். “பூ உதுந்துரும்.”