தண்ணீர்த் தொட்டிப் படம்

கீழ்வீட்டு டியூஷனில் பிள்ளைகள் கோரஸாக ஒப்பித்துக்கொண்டிருந்த ஏழாம் வாய்ப்பாடு ஐந்தாவது வரியிலேயே நின்றுபோனது. டீச்சர் அதட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. மாலை வெயில் சுவரில் சரிந்து கிடக்க, பலபேருடைய வியர்வை நெடி படிக்கட்டு வழியாக மெல்ல மேலேறி, மாடி வீட்டில் கைப்பேசியும் கையுமாகச் சாய்ந்து கிடந்தவனின் மூக்கைத் தொட்டது.

வேலை போன பஸ் டிரைவர் அவன். ஒன்பது மாதமாக வெட்டி ஆபீசர். சொந்தத் தம்பியே போனை எடுப்பதில்லை. அவன் ஓட்டிய பஸ்ஸை இப்போது வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஒருத்தன் ஓட்டுகிறான். டீச்சரும் அந்தப் புது டிரைவரின் ஊர்க்காரி. அந்த வயிற்றெரிச்சலில்தான் போன வாரம் இணையத்தில் ஒரு படத்தைப் போட்டான். டீச்சர் மொட்டைமாடித் தொட்டியில் வெள்ளைப் பொடி கொட்டும் படம். ‘தண்ணியில விஷம் கலக்குறாங்க’ என்று எழுதினான். மாதம் ஒரு வீடு என்று முறை வைத்துத் தொட்டி கழுவும் கட்டடம் அது. கொட்டியது பிளீச்சிங் பவுடர், வாங்கிக் கொடுத்ததே அவன்தான். ஆனால் ஒரே நாளில் எண்ணூறு பேர் அவனை ‘அண்ணே’ என்றார்கள். எந்தக் கட்டடம் என்று ஒருத்தன் கேட்டதும் உச்சி குளிர்ந்துபோய் முகவரியையும் சொல்லிவிட்டான்.

எட்டிப் பார்த்தான். படிக்கட்டு முழுக்கத் தலைகள். கையில் கட்டை, கம்பி.

கீழே அவன் மகளும் இருந்தாள். அவனுக்கு வேலை போனதிலிருந்து டீச்சர் அவளுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இறங்கினான்.

“அண்ணன் வந்துட்டாரு.”

கூட்டம் வழிவிட்டது. முன்னால் போக மட்டும். பின்னால் உடனே மூடிக்கொண்டது. அவனுக்குப் பயமாக இருந்தது.

“அது பொய்ப்பா. நான்தான் சும்மா எழுதுனேன்.”

“நீங்க விடுங்கண்ணே. நாங்க பாத்துக்கறோம்.”

“என் பொண்ணு உள்ள இருக்கா.”

“பிள்ளையையும் பிடிச்சு வெச்சிருக்காங்களா?”

அந்தக் கேள்வி வாய்க்கு வாய் தாவி வாசல்வரை போனது. ‘பிடிச்சு வெச்சிருக்காங்க’ என்று பதிலாகவே திரும்பி வந்தது.

தோளில் கைகள். முதுகில் கைகள். நெஞ்சு கதவில் இடித்தது. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ அவன் கையில் ஒரு கம்பியைத் திணித்தார்கள். விரல்களை மடக்கியும் விட்டார்கள்.

“பாப்பா...” என்றான்.

உள்ளே மகளின் குரல் கேட்டது.

“பயப்படாதீங்க டீச்சர். எங்கப்பா வந்துட்டாங்க.”

தாழ்ப்பாள் விலகியது.