சத்தம் என்று குறித்த மூச்சு

“இது யார் வீடு, சார்?”

அறையில் தட்டச்சு நின்றது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், காதில் விழுவது யார் வீட்டுப் பேச்சு என்று மட்டும் கேட்காதே. அவள் தெரிந்தேதான் கேட்டாள். பதில் மேற்பார்வையாளர் வாயாலேயே வர வேண்டும்.

அவர் தேநீர்க் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கேட்டதை அடி, அடுத்ததுக்குப் போ. உனக்கெதுக்கும்மா ஊர் வம்பு?”

ஊர் வம்புக்குத்தானே இங்கே சம்பளமே!

ஜன்னல் இல்லாத அறை. சுவரெங்கும் பஞ்சு. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எந்நேரமும் ஒரே மங்கல். காதுக்கருவியில் முந்தைய ஷிஃப்ட்காரியின் வியர்வை நாற்றம். வீடுகளில் இருக்கும் பேசும் பெட்டிகள் பொறுக்கி அனுப்பும் குரல் துண்டுகளைக் கேட்டு எழுத்தாக அடிக்க வேண்டும். இருமல், பாத்திரம் என்று சொல்லாக இல்லாத எதையும் ‘சத்தம்’ எனக் குறித்துத் தள்ளிவிட வேண்டும். கைபேசிகளை வாசலிலேயே பிடுங்கிப் பூட்டிவிடுவார்கள். அடுத்தவர் அந்தரங்கம் வெளியே போய்விடக் கூடாதாம்.

இங்கே வேலை செய்பவர்களுக்கு அந்தப் பெட்டி இலவசம். குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவள், கம்பெனிப் பரிசு என்று பெருமையாகக் கொண்டுபோய் அம்மாவின் அடுப்படியில் மாட்டினாள். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற கதை.

சில வாரங்களாகவே ஒரு பெண் தனியாக முணுமுணுக்கும் துண்டுகள் வந்தன. பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். ‘சத்தம்’ என்று குறித்தாள். அடுத்தடுத்த துண்டுகளில் மூச்சு கிட்டே வந்தது. அதையும் ‘சத்தம்’ என்றே குறித்தாள்.

நேற்றுதான் முணுமுணுப்பு தெளிவாகக் கேட்டது. அம்மா. செத்துப்போன அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அடுப்படியிலிருந்து பெட்டியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள், மேற்பார்வையாளர் மேசையில் வீசிவிட்டுப் போக. வந்து உட்கார்ந்ததும் இந்தத் துண்டு.

ஒலியை அறை முழுக்கத் திறந்துவிட்டாள்.

“கேட்டீங்களா... அந்தப் பேசுற டப்பாவ இன்னிக்கு உங்க பொண்ணு பிடுங்கிட்டுப் போயிட்டா. என்னையே அதட்டுறா, படிச்சவ இல்ல? போகட்டும். இனி நாம நிம்மதியாப் பேசலாம்.”

அவள் பையைத் தட்டிக் காட்டினாள். “டப்பா இங்க இருக்கு. அப்ப அங்க யாரு சார் கேட்டுக்கிட்டிருக்கா?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

“எங்களுக்கும் தெரியாதும்மா. அதனாலதான் கேட்காதேன்னோம்.”

துண்டு முடியவில்லை.

மூச்சு.

கதவு தட்டும் ஓசை.

“அம்மா, நான்தான். திற.”

அவளுடைய குரல். அவளுடைய அதே சிடுசிடுப்பு.

“இரு இரு, வர்றேன். கதவை உடைச்சிடாத.”

தாழ்ப்பாள் விலகியது. துண்டு அறுந்தது.

திரையில் அடுத்த துண்டு வந்து நின்றது. “கேளும்மா,” என்றார் அவர். “கேட்டாத்தானே உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்.”

விரல் பொத்தான் வரை போனது.

நின்றது.

“இத்தனை நாள் ஒட்டுக்கேட்டது போதும் சார். எங்கம்மாவ நான் நேர்ல போய்ப் பாத்துக்கிறேன்.”

பையைத் தோளில் மாட்டினாள். பெட்டியை வீசக்கூட நினைவில்லை. கதவை நோக்கி நடந்தாள். யாரும் பொத்தானைத் தொடவில்லை. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, வெகுளியாக:

“ஏன்டி, பையை எங்க விட்டுட்டு வந்த?”

தோளில் தொங்கிய பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் அவள் படியிறங்கினாள்.