பாப்பாவுக்குக் காது கேட்கிறதாம்

அந்த டாக்டர் அம்மா மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், குட்டிப் போலீசுக்கு இவ்வளவு தலைவலி வந்திருக்காது.

அவர் சொன்னது இரண்டு விஷயம். மாசமாக இருக்கும் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பகலிலும் நன்றாகத் தூங்கி ஓய்வெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்கும் நல்லதல்ல, பாப்பாவுக்கும் நல்லதல்ல என்றார். அப்புறம், வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்கு இப்போது காது கேட்கும், அடிக்கடி கேட்கிற குரலைப் பிறந்த பிறகும் கண்டுகொள்ளும் என்றார். வீட்டில் எல்லோரும் முதல் விஷயத்தை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

லாரி ஓட்டும் அப்பா, வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் வயிற்றருகே குனிந்து, அடுத்த தெருவுக்கே கேட்பதுபோல் "அப்பா வந்துட்டேன்" என்பார். மெக்கானிக் மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை விதவிதமாகச் செய்து காட்டுவார். அத்தை பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். பாவம் அம்மா, கண் செருகும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்தார்.

அம்மாவைத் தூங்க விடுங்கள் என்று சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவின் அறை வாசலில் போட்டாள். கட்டில் கதவை ஒட்டியே கிடந்தது. பள்ளிவிட்டு வந்தால் வீட்டுப்பாடம், படம் வரைவது எல்லாமே அங்கேதான். யார் எட்டிப் பார்த்தாலும் ஒரே பதில்.

"உஷ்... அம்மா தூங்குறாங்க. அப்புறம் வாங்க."

குட்டிப் போலீஸ் என்று மாமா பெயர் வைத்தது அப்போதுதான். போனவர்கள் சும்மா போனார்களா? திரும்பத் திரும்ப வந்தார்கள். அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பாப்பாவிடம் பேச அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? ஒருநாள் யாரும் இல்லாதபோது மெல்லப் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு நாற்காலிக்கே திரும்பினாள். பாப்பாவுக்கு எல்லோரையும் தெரியும், அக்காவைத்தான் தெரியாது. நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

ஒருவழியாகப் பாப்பா நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா அசந்து தூங்க, அப்பாவின் கையில் இருந்த பாப்பா வீல் வீல் என்று கத்தியது. அப்பா பெருமையோடு "அப்பா வந்துட்டேன்" என்றார். கத்தல் கூடியது. மாமா வாயாலேயே வண்டியை ஸ்டார்ட் செய்தார். இன்னும் கூடியது. அத்தை தொண்டையைச் செருமினார்.

குட்டிப் போலீசுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இங்கேயுமா?

"உஷ்... அம்மா தூங்குறாங்க. அப்புறம் வாங்க."

அழுகை சட்டென்று நின்றது. பாப்பா அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை இடுக்கிப் பார்த்தது.

மாமா அவளையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப்பாவி, எங்களை விரட்டி விரட்டியே நீ அதுக்குப் பழக்கம் ஆயிட்டியா?" என்றார்.

குட்டிப் போலீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இப்படிக் குடுங்கப்பா. அதுக்கு என்னைத் தெரியும்."