பிரம்பு நாற்காலியில் யுகேஸ்வரி

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் இருந்த யுகேஸ்வரியின் வீட்டுக்கு ஒரு வாரமாக ஆள் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். கூடத்தில் இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு அவளுடைய அண்ணன் தீபனுக்குப் புத்திமதி சொல்ல ஆரம்பித்தார்கள்.

தீபனுக்குச் சபா மாநிலத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போகவேண்டும். அந்தத் தெருவிலிருந்து அப்படிப் போகும் முதல் பிள்ளை அவன்தான். அப்புறம் கேட்கவா வேண்டும்!

"தம்பி, கிளாஸ்ல முன் வரிசையில உக்காரு. அப்பதான் லெக்சரருக்கு உன் மூஞ்சி ஞாபகம் இருக்கும்," என்றார் பக்கத்து வீட்டுக் கோகிலன் மாமா. அவர் லோரி ஓட்டுகிறவர்.

"ஐயோ, வேணாம் லா! முன்னால உக்காந்தா கேள்வி எல்லாம் உன்னையேதான் கேப்பாங்க. நடுவுல உக்காரு," என்றார் புஷ்பலதா அத்தை.

"எங்க இருந்தாலும் சரி, விளங்காட்டிக் கையத் தூக்கிக் கேளும் தம்பி. வெட்கப்படாதேயும்," என்றார் எதிர்வீட்டுச் சுவர்ணா டீச்சர்.

தீபன் மூன்று பேருக்கும் தலையாட்டினான்.

யுகேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. அவளும் அந்த வீட்டுப் பிள்ளைதானே? போன மாதம் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கி வந்தாள். அன்று யாராவது வந்து தொண்டையைக் கனைத்தார்களா? "நல்லது யுகி, போய் முகம் கழுவு," என்றார் அம்மா. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இப்போது அண்ணனுக்குப் புதுத் தலையணை, புதுப் போர்வை, புதுத் துண்டு. வாளிகூடப் புதுசு! பளபளவென்று நீல வாளி. யுகேஸ்வரிக்குக் கிடைத்தது அண்ணனுடைய பழைய பை. அதிலும் ஜிப் பாதியில் நின்றுவிடும்.

"அம்மா, நானும் அண்ணனுக்கு ஒன்னு சொல்லவா?" என்று ஒருநாள் பிரம்பு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கேட்டாள்.

"அடியே, எந்திரி! பெரியவங்க உக்கார்ற எடம். உனக்குப் பதினொரு வயசு. நீ என்னாத்தச் சொல்லப்போற?" என்று சிரித்தார் புஷ்பலதா அத்தை.

யுகேஸ்வரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கினாள். 'இருக்கட்டும், இருக்கட்டும். இந்த அண்ணன் ஒரு நாளைக்கு நல்லா மாட்டுவான். அன்னிக்கு நான் சிரிக்கிறேன்,' என்று மனதுக்குள் கறுவினாள்.

அந்த நாள் வெகு சீக்கிரம் வந்தது.

அண்ணன் கிளம்புவதற்கு முந்தின நாள். கூடத்தில் வழக்கம்போலக் கூட்டம். அம்மா சமையற்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து சளக் சளக் என்று சத்தம் கேட்டது. யுகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

முழங்கால் உயரத்துக்கு நுரை! நடுவில் தீபன் குந்தியிருந்தான். நீல வாளி நுரைக்குள் மறைந்தே போயிருந்தது.

"அண்ணே, என்னா செய்யிற? சோப்புத் தூள் பாக்கெட்டு முழுசயும் கொட்டிட்டியா?"

"ஷ்ஷ்! மெதுவா பேசு," என்றான் தீபன். "புதுச் சட்டையை ஒருவாட்டி அலசிட்டுப் போடச் சொன்னாங்க டீச்சர். இனிமே நானேதானே துவைக்கணும், பழகிக்கலாம்னு பார்த்தேன்."

தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து தீபன் ஒரு கோப்பையைக்கூடக் கழுவியதில்லை. "அண்ணன் படிக்கிறான் லா, நீ துவைச்சுப் போடு," என்று அம்மா யுகேஸ்வரியைத்தான் ஏவுவார். அதை நினைத்தபோது அவளுக்கு வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

தீபன் நுரையிலிருந்து ஒரு சட்டையைத் தூக்கினான். அவன் முகம் வெளுத்துப்போனது. சட்டை வெளுக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் காலரில், பாக்கெட்டில், ஓரத்தில் எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பு!

"இது என்னா? ரத்தமா? எங்கேயிருந்து வந்துச்சு?"

யுகேஸ்வரிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. புதுத்துணி வாங்கினால் மஞ்சள் வைக்காமல் அம்மா உடுத்த விடமாட்டார். சட்டைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்திருந்தார். அது போதாது என்று புஷ்பலதா அத்தை காலரிலும் பாக்கெட்டிலும் தாராளமாகத் தடவிவிட்டார். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவந்துவிடும். அண்ணனோ அதைத் தேய் தேய் என்று தேய்த்து, சட்டை முழுக்க இழுத்துவிட்டிருந்தான்.

தீபன் தரை தேய்க்கும் பிரஷை எடுத்து இன்னும் அழுத்தித் தேய்த்தான். சிவப்பு இன்னும் பரவியது.

"ஓரியண்டேஷனுக்கு வெள்ளைச் சட்டைதான் போடணும். மூணும் போச்சு. நாளைக்குக் காலையில ஏர்போர்ட்டுக்கு பஸ்," என்றான்.

யுகேஸ்வரியின் மனம் துள்ளியது. மாட்டிக்கொண்டான்! ஒரே ஓட்டமாகக் கூடத்துக்கு ஓடினாள்.

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். பிரம்பு நாற்காலியில் கோகிலன் மாமா. "நம்ம தீபன் மாதிரி பொறுப்பான பையனைப் பார்க்க முடியாது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'உங்க பொறுப்பான பையனைப் பின்கட்டுல வந்து பாருங்க!' இந்த ஒன்றைச் சொன்னால் போதும். எல்லாரும் அவள் பக்கம் திரும்புவார்கள். ஒரு வாரமாக அவள் ஆசைப்பட்டது அதுதானே?

அப்போது பின்கட்டிலிருந்து தீபனின் குரல் மெல்லக் கேட்டது.

"யுகி... இப்ப என்னா செய்யிறது?"

யுகேஸ்வரி அப்படியே நின்றாள். இந்த வீட்டில் எல்லாரும் அவளிடம் இதைச் செய், அதைச் செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. அதுவும் அண்ணன்! அத்தனை பேர் புத்திமதி சொன்னார்களே, அவர்களை விட்டுவிட்டு அவளைக் கேட்கிறான்.

"என்னடி, மூச்சு வாங்குது?" என்றார் அம்மா, சமையற்கட்டிலிருந்து.

"ஒன்னும் இல்லம்மா. எலுமிச்சம்பழம் இருக்கா?"

"கூடையில கெடக்கு, எடுத்துக்க."

யுகேஸ்வரி இரண்டு கையிலும் பழத்தை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குத் திரும்பினாள்.

"அண்ணே, மொதல்ல பிரஷைக் கீழ வை. சட்டைக்கு வலிக்குது," என்றாள். "நுரை போற வரைக்கும் நல்ல தண்ணியில அலசு. நான் பழத்தைப் பிழியிறேன்."

எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவப்பு மறைந்து மஞ்சளானது. தீபன் வாயைப் பிளந்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன தீபாவளிக்கு என் பாவாடையும் இப்படித்தான் செவந்துச்சு. நான் அழுது, அப்புறம் கத்துக்கிட்டேன். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. கொடியில போடு, தன்னால போயிடும். ஆனா சீக்கிரம்! அங்க பாரு."

சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஈப்போவில் மதியம் திரும்பினால் மழையை நம்பமுடியாது.

இருவரும் சட்டைகளைத் தட்டி உதறிக் கொடியில் போட்டார்கள். அப்போது பார்த்து, கை கழுவப் பின்கட்டுக்கு வந்தார் புஷ்பலதா அத்தை. தீபன் கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"யாரு சட்டை யுகி இது?"

"என் ஸ்கூல் சட்டை அத்தை."

"இவ்ளோ பெருசா?"

"வளர்ற பிள்ளைதானே அத்தை," என்றாள் யுகேஸ்வரி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். போர்வை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

மேகம் இன்னும் தலைக்கு மேல் வரவில்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சள் மெல்ல மெல்ல மங்கியது. காத்திருந்த நேரத்தில் சட்டையைத் துவைப்பது எப்படி என்று யுகேஸ்வரி சொல்லிக்கொடுத்தாள். சோப்புத் தூள் ஒரு கைப்பிடி போதும். வெள்ளையைத் தனியாகப் போடவேண்டும். காலரைக் கையால் தேய்க்கவேண்டும், பிரஷ் கூடாது. தீபன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கூடத்தில் ஆட்டியதைப்போல இல்லை. சந்தேகம் வந்தபோது திரும்பக் கேட்டான்.

"யுகி, எனக்குப் பயமா இருக்கு," என்றான் திடீரென்று. "எல்லாரும் நல்லா படி, நல்லா படின்னு சொல்றாங்க. படிச்சிடுவேன். அங்க சட்டை செவந்தா உன்னை எப்படிக் கூப்புடுறது?"

"போன் எதுக்கு இருக்கு? போடு லா," என்றாள் யுகேஸ்வரி.

முதல் தூறல் விழுவதற்குள் மூன்று சட்டைகளும் வெள்ளை வெளேரென்று உள்ளே வந்துவிட்டன.

மறுநாள் காலை தெருவே வாசலில் நின்றது. பஸ் நிலையத்துக்குப் போக அப்பா பெட்டியைக் காரில் ஏற்றினார். "இத்தனை பேரு சொன்னோமே, எதையாவது ஞாபகம் வச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார் கோகிலன் மாமா.

"எல்லாம் ஞாபகம் இருக்கு மாமா. ஆனா எங்க யுகி சொன்னதுதான் மொதல்ல," என்றான் தீபன்.

"யுகியா? அவ என்னா சொன்னா?" என்றார் புஷ்பலதா அத்தை.

"அது ரகசியம் அத்தை," என்றான் தீபன். யுகேஸ்வரியைப் பார்த்துக் கண்ணடித்தான். எல்லாரும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவளோ எதுவும் தெரியாதவள்போல் வானத்தைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஒருவரும் இல்லை. அம்மாவின் கைப்பேசி மணி அடித்தது. திரையில் தீபன். அவனுக்குப் பின்னால் கொடியில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. பக்கத்தில் இரண்டு பையன்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க இல்ல. யுகியைக் கூப்புடுங்க," என்றான் தீபன். "யுகி, என் ரூம்மேட் பாக்கெட்டுல பேனா மை ஒழுகிடுச்சு. இவங்க ரெண்டு பேரும் உன்னைக் கேக்கச் சொல்றாங்க. என்னா செய்யிறது?"

"ஒரு நிமிஷம் இரு," என்றாள் யுகேஸ்வரி.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு நேராகப் பிரம்பு நாற்காலிக்குப் போனாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மா பார்த்தார், எழுந்திரு என்று சொல்லவில்லை.

யுகேஸ்வரி தொண்டையைக் கனைத்தாள்.