கம்பியில் ஒரு பிடி

பழைய தொலைபேசி நிலையத்தின் கதவைத் தள்ளியதும் ஈரக் காகித வாடை முகத்தில் அடித்தது. வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னலே இல்லாத அறை. அவள் ஒளி ஓடும் ஃபைபர் கம்பியின் நுனியைத் துடைத்துக் கருவியில் செருகினாள். ஊருக்கு அப்பால், மறுமுனையில், அவளுடைய அண்ணன் ஒளியை அனுப்பிக்கொண்டிருந்தான். வரும் வழியில் அது எவ்வளவு சிதறுகிறது என்று அளப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு.

திரையில், வந்துசேரும் ஒளியைக் காட்டும் கோடு நேராக ஓடவில்லை. மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

கம்பியைக் கையால் தொட்டால் இப்படி ஆகும்.

“அண்ணா, கைய எடு,” என்றாள் கைபேசியில்.

“நான் டீ குடிச்சிட்டிருக்கேன் தாயே. முதல்ல உன் கண்ணாடியத் துடை.”

“யாரோ அமுக்கி அமுக்கி விடுற மாதிரி இருக்குண்ணா.”

கம்பி முழுவதும் மண்ணுக்கடியில் கிடந்தது. வழியில் கை எட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான்: இணைப்புக் குழி. அதன் மூடியைத் திறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

“லைட் அனுப்புற மிஷின் ஓடிட்டிருக்கட்டும். நான் போய்ப் பாத்துடறேன். உங்க அண்ணி நிறைமாசமா தனியா இருக்கா, இன்னிக்கே முடிச்சுடலாம்.”

“வேணாம்ணா.”

“எலியா இருக்கும், பயந்தாங்கொள்ளி.”

சற்று நேரத்தில், கைபேசியில் இரும்பு மூடி நகரும் சத்தம். ஏணியில் செருப்பு உரசும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

கோடு வேகமாக ஏறி இறங்கியது.

இன்னும் வேகமாக.

நின்றது.

நூல் பிடித்தாற்போல் நேர்கோடு.

“அண்ணா!”

“கத்தாத. இங்க யாருமில்ல. தூசில ஒரு தடம்கூட இல்ல. நான் எதையும் தொடவும் இல்ல.”

“கோடு சரியாயிடுச்சு.”

“பாத்தியா? என் மூஞ்சியப் பாத்தே ஓடிடுச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நேரம் கம்பியைப் பிடித்திருந்தது, இப்போது ஏன் விட்டது?

அவளை அழைத்துப்போக அண்ணன் வந்தபோது தோளைத் தேய்த்துக்கொண்டே நுழைந்தான்.

“ஒரே வலி. ஏணியில இடிச்சிருப்பேன் போல.”

கருவிப் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

வலது தோளில் சட்டை அமுங்கியது. ஐந்து இடங்களில். மெல்ல எழுந்தது. மறுபடி அமுங்கியது.

“அண்ணா…” அவள் முணுமுணுத்தாள். “வீட்டுக்குப் போகாத.”

அவன் காதில் விழவில்லை. கைபேசி அடித்தது; ஸ்பீக்கரில் போட்டான். அண்ணி.

“எங்க இருக்கீங்க? குழந்தை ஓயாம உதைக்குது.”

அந்தக் குரல் அறைக்குள் கேட்டதும், அவன் தோளில் துணி வேகமாக அமுங்கி எழத் தொடங்கியது.

இன்னும் வேகமாக.